சங்கம் தொடங்கியதும் வேலை போயிற்று: ஐ.எல்.ஓ.வுக்குப் புகார் எழுதுவது எப்படி?

கேள்வி: ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறோம். சங்கம் அமைத்துப் பதிவுக்கு விண்ணப்பித்த இரண்டு வாரத்தில் தலைவர், செயலாளர் உட்பட ஏழு பேரை ‘ஒழுங்கீனம்’ என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். பதிவு அலுவலகம் நான்கு மாதமாக விண்ணப்பத்தைக் கிடப்பில் போட்டிருக்கிறது. தொழிலாளர் துறையில் கொடுத்த மனுவுக்கும் பதில் இல்லை. ஐ.எல்.ஓ.வுக்கு (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) எழுதுங்கள் என்கிறார் ஒருவர். நம் நாடு சங்க உரிமை பற்றிய அதன் உடன்படிக்கைகளை ஏற்கவே இல்லை, எழுதிப் பயனில்லை என்கிறார் இன்னொருவர். எது சரி?

பதில்: எழுதலாம். உங்கள் நாடு 87 (சங்கம் அமைக்கும் உரிமை), 98 (சங்கத்தினருக்குப் பாதுகாப்பு, கூட்டுப் பேரம்) எண்ணுள்ள ஐ.எல்.ஓ. உடன்படிக்கைகளை ஏற்றிருக்கிறதா என்பது இந்தப் புகாருக்குத் தடையே இல்லை. ஐ.எல்.ஓ. 1951-இல் ‘சங்கம் அமைக்கும் சுதந்திரக் குழு’ என்று ஒன்றை அமைத்தது. அமைப்பில் உறுப்பு நாடாக இருந்தாலே சங்க உரிமையை மதிக்கும் கடமை வந்துவிடுகிறது என்ற அடிப்படையில்தான் அது இயங்குகிறது. அமெரிக்கா, சீனா, இந்தியா மூன்றும் அந்த இரண்டு உடன்படிக்கைகளையும் ஏற்கவில்லை. ஆனாலும் அந்நாடுகள் மீதான புகார்களை இக்குழு விசாரித்திருக்கிறது.

உங்களுக்கு நேர்ந்தது அபூர்வமானதும் அல்ல. சர்வதேச தொழிற்சங்கக் கூட்டமைப்பின் 2024-ஆம் ஆண்டு உரிமைக் குறியீடு 151 நாடுகளை ஆராய்ந்தது. அவற்றில் 87 விழுக்காட்டு நாடுகளில் வேலைநிறுத்த உரிமையும், 79 விழுக்காட்டு நாடுகளில் கூட்டுப் பேர உரிமையும் (சங்கமாக நின்று முதலாளியுடன் பேசி ஒப்பந்தம் போடுவது) மீறப்பட்டிருந்தன. ஏறக்குறைய முக்கால்வாசி நாடுகளில் சங்கப் பதிவுக்கே முட்டுக்கட்டை. இதைவிடக் கொடியவையும் உண்டு. பெலாரசில் 2022-இல் சுயேச்சைச் சங்கங்களை நீதிமன்றமே கலைத்தது. கம்போடியாவில் நாகாவேர்ல்டு சூதாட்ட விடுதி வேலைநிறுத்தத்தை நடத்திய சங்கத் தலைவர் சிம் சிதாருக்கு 2023-இல் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. குவாத்தமாலாவிலும் கொலம்பியாவிலும் சங்கத் தலைவர்கள் கொலையானது நீண்ட பட்டியல். ஆனால் எண்ணிக்கையில் அதிகம் உங்களுடையதைப் போன்ற வழக்குகள்தான்: சந்தா வசூல் தொடங்கும் முன்பே தலைவர்களை வெளியே அனுப்புவது, பதிவை இழுத்தடிப்பது, அந்த இடைவெளியில் நிர்வாகமே ஒரு கைப்பாவைச் சங்கத்தை நட்டு வைப்பது.

புகார் கம்பெனி மீது அல்ல, அரசின் மீது

பெரும்பாலான புகார்கள் சறுக்குவது இங்கேதான். பக்கம் பக்கமாக மேலாளரைத் திட்டி எழுதுகிறார்கள். ஐ.எல்.ஓ.வின் முன் பதில் சொல்ல வேண்டியவர் மேலாளர் அல்ல, அரசு. முதலாளி செய்த ஒவ்வொரு செயலுக்கும் பக்கத்தில், அரசு அப்போது என்ன செய்திருக்க வேண்டும், என்ன செய்யவில்லை என்று எழுத வேண்டும்.

‘ஏழு பேரை நீக்கினார்கள்’ என்பது பாதிப் புகார். ‘நீக்கம் சங்க நடவடிக்கைக்காகத்தான் என்று இன்ன தேதியில் தொழிலாளர் துறையில் மனு கொடுத்தோம், இன்றுவரை விசாரணை இல்லை, சட்டத்தில் இதற்குள்ள அபராதம் முதலாளிக்கு உறைக்காத அளவு சிறியது, ஆகவே 98-ஆவது உடன்படிக்கையின் 1-ஆவது விதி கேட்கும் பாதுகாப்பு கிடைக்கவில்லை’ என்பது முழுப் புகார். சங்க விரோத நடவடிக்கைக்கு எதிரான தீர்வு விரைவாக, செலவில்லாமல், நடுநிலையாகக் கிடைக்க வேண்டும் என்பது குழு திரும்பத் திரும்பச் சொல்லிவரும் கோட்பாடு.

பதிவைப் பொறுத்தவரை உங்கள் வாதம் இன்னும் எளிது, ஏனென்றால் அங்கே தவறு நேரடியாக அரசுடையது. முன் அனுமதி பெறாமல் சங்கம் அமைக்கலாம் என்கிறது 87-ஆவது உடன்படிக்கையின் 2-ஆவது விதி. பதிவு என்பது ஒரு சடங்காக இருக்கும்வரை அதில் குற்றமில்லை. அதிகாரி விரும்பினால் தருவார், விரும்பாவிட்டால் தூங்க வைப்பார் என்றால் அது முன் அனுமதியேதான். விண்ணப்பம் கொடுத்த தேதி, பெற்ற ரசீது, சட்டம் விதித்த கெடு, கெடு கடந்த நாட்கள்: இந்த நான்கும் போதும். கைப்பாவைச் சங்கம் முளைத்திருந்தால் 98-இன் 2-ஆவது விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யார் எழுதலாம்?

தனி ஆள் எழுத முடியாது. பாதிக்கப்பட்ட சங்கம் எழுதலாம். அந்தச் சங்கம் இணைந்துள்ள சர்வதேச சம்மேளனமும் எழுதலாம். உங்களுக்குப் பதிவு இல்லையே என்று தயங்க வேண்டாம். அரசு அங்கீகரிக்கவில்லை என்பதை மட்டும் காரணமாக வைத்துக் குழு புகாரைத் தள்ளுவதில்லை. தள்ளினால், பதிவை மறுக்கும் அரசே தன்மீதான புகாரைத் தடுத்துவிடலாம் அல்லவா? நிரந்தரமான அமைப்பு, தொடர்புகொள்ள ஒரு முகவரி, பொறுப்பாளரின் கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். திடீர்க் கூட்டத்தில் திரட்டிய கையெழுத்து மனு செல்லாது.

ஆனாலும், ஆடைத் துறை என்றால் முதலில் இன்டஸ்ட்ரிஆல் என்ற சர்வதேசத் தொழிற்சங்கச் சம்மேளனத்தையோ, அதில் இணைந்த தேசியச் சம்மேளனத்தையோ அணுகுவதே நல்லது. புகார் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் ஆகியவற்றில் ஒன்றில் போக வேண்டும். அவர்களிடம் மொழிபெயர்க்க ஆள் இருக்கும். ஆபத்து அவசரமானால், புகார் பதிவாவதற்கு முன்பே ஐ.எல்.ஓ. தலைமை இயக்குநர் அரசுக்கு எழுதும்படி அவர்கள் கேட்கவும் முடியும்.

கோப்பு தயாரிப்பது

நீக்கத்துக்கும் சங்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று காட்டுவதுதான் கடினமான பகுதி. நிர்வாகம் ‘இவர்கள் சங்கம் வைத்ததே எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்லும். அப்படிச் சொல்ல முடியாதபடி, நீக்கத்துக்கு முன்பே நிர்வாகத்துக்குத் தெரியும் என்பதற்கான சான்றைத் தேடுங்கள்: பதிவு அலுவலகம் கம்பெனிக்கு அனுப்பிய கடிதம், சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் போட்ட மிரட்டல், அறிவிப்புப் பலகைப் படம், சங்கத்திலிருந்து விலகுவதாக உறுப்பினர்களிடம் வாங்கிய கையெழுத்துத் தாள். (இனிமேல் சங்கம் தொடங்குவோர் விண்ணப்பித்த அன்றே சங்க நிர்வாகிகள் பட்டியலைக் கம்பெனி நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால் இந்தத் தேடலே தேவைப்படாது.)

அடுத்து, ஒப்பீடு. அதே ‘ஒழுங்கீனம்’ செய்த வேறு யாரையாவது வெறும் எச்சரிக்கையோடு விட்டிருக்கிறார்களா? நீக்கப்பட்டவர்களின் முந்தைய ஆண்டுகளின் வருகைப் பதிவும் சம்பள உயர்வும் எப்படி இருந்தன? ஏழு பேரில் எத்தனை பேர் சங்க நிர்வாகிகள்? எண்களே பேசிவிடும்.

எல்லாவற்றையும் நாள் வரிசையில் ஓர் அட்டவணையாக்குங்கள்: தேதி, நடந்தது, ஆதாரம், இணைப்பு எண். புகார்க் கடிதம் பத்துப் பக்கத்துக்குள் இருந்தால் நல்லது; மீதி இணைப்பில் போகட்டும். சம்பந்தப்பட்ட சட்டப் பிரிவுகளின் நகலையும் சேருங்கள். முடிவில் கேட்பதைத் துல்லியமாகக் கேளுங்கள்: ஏழு பேருக்கும் பின்சம்பளத்துடன் மீண்டும் வேலை, இன்ன விண்ணப்பத்தின் மீது உடனடி முடிவு, சுதந்திரமான விசாரணை. ‘நீதி வேண்டும்’ என்ற வரியை வைத்துக் குழு எதையும் பரிந்துரைக்க முடியாது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: நீங்கள் அனுப்புவது அப்படியே அரசின் கைக்குப் போகும். உறுப்பினர் பட்டியலை இணைக்காதீர்கள். எண்ணிக்கையைச் சொன்னால் போதும். இன்னும் உள்ளே வேலை செய்யும் சாட்சிகளின் பெயரை அவர்கள் சம்மதமில்லாமல் எழுதக் கூடாது.

கணக்கு தீர்க்கும் பணத்தைத் தருகிறோம் என்று நிர்வாகம் கூப்பிட்டால் வக்கீலைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘முழுமையாகப் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை இல்லை’ என்ற ஒரே வரி மீண்டும் வேலை கேட்கும் வாதத்தைக் கொன்றுவிடும்.

உள்நாட்டு வழக்கு முடிய வேண்டுமா?

வேண்டியதில்லை. உள்நாட்டு வழிகள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் வர வேண்டும் என்ற நிபந்தனை இங்கே கிடையாது. நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் அதன் முடிவுக்காகக் குழு காத்திருக்கலாம், அவ்வளவுதான். அதனால் உள்நாட்டு வழக்கை விட்டுவிடாதீர்கள். அதன் கெடுவைத் தவறவிட்டால் ஜெனீவாவில் உள்ள ஐ.எல்.ஓ. அதை மீட்டுத் தராது.

புகார் போனதும் கூடுதல் விவரம் அனுப்ப ஒரு மாதம் தருவார்கள். பிறகு அரசின் பதில் கேட்கப்படும். குழு கூடுவது ஆண்டுக்கு மூன்று முறைதான், ஆகவே வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். உயிருக்கோ தனிமனிதச் சுதந்திரத்துக்கோ ஆபத்து, சங்கக் கலைப்பு, நீடிக்கும் நெருக்கடிநிலை போன்றவற்றுக்கு முன்னுரிமை உண்டு. அரசு பதிலே தராமல் காலம் கடத்தினால், அவசர வேண்டுகோள் விடுத்துவிட்டு அதன் பதில் இல்லாமலே குழு முடிவெடுக்கலாம். இடையில் உள்நாட்டுச் சமரசத்துக்கு ஒப்புக்கொள்கிறீர்களா என்று உங்களிடம் கேட்கப்படும். ஒப்புக்கொண்டால் விசாரணை ஆறு மாதம் வரை நிற்கும். அரசு உண்மையிலேயே பேசத் தயாராக இருந்தால் ஏற்கலாம். இதுவரை ஒரு மனுவுக்கும் பதில் தராத துறையுடன் என்றால் எங்கள் யோசனை, வேண்டாம்.

வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தால் ஒரு குறிப்பு. வேலைநிறுத்தத்தை மறுக்கக்கூடியது அரசின் பெயரால் அதிகாரம் செலுத்தும் ஊழியர்கள், மருத்துவமனை, மின்சாரம், குடிநீர், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்ற உயிர்காப்புச் சேவைகள், கடுமையான தேசிய நெருக்கடி ஆகியவற்றில் மட்டுமே என்பது குழுவின் நிலை. வங்கி, துறைமுகம், கல்வி ஆகியவை அந்த வரையறையில் வராதவை. ஆடைத் தொழிற்சாலை பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் 87-ஆவது உடன்படிக்கை இந்த உரிமையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. முதலாளிகள் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டதால், ஐ.எல்.ஓ. ஆளுகைக் குழு 2023 நவம்பரில் அந்த உரிமை இந்த உடன்படிக்கையில் அடங்குமா என்று சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்க நேர்ந்தது.

கம்பெனியை நேராகப் பிடிக்கும் வழி

உங்கள் நிலையில் இதுவே விரைவாகப் பலன் தரலாம். ஆடைகளை வாங்கும் பிராண்டுகள் எவை என்று லேபிள், பேக்கிங் பட்டியல் மூலம் உறுதிசெய்யுங்கள். அந்த பிராண்ட் சர்வதேச சம்மேளனத்துடன் தொழிலாளர் உரிமைகள் குறித்து உலக ஒப்பந்தம் செய்திருந்தால் அதன்படி நேரடியாக முறையிடலாம். ஸாரா பிராண்டின் உரிமையாளரான இன்டிடெக்ஸ் 2007-லேயே அப்படி ஒப்பந்தம் போட்டது. ஒப்பந்தம் இல்லாவிட்டால், பிராண்டின் தலைமையகம் ஓ.இ.சி.டி.யின் (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) பன்னாட்டு நிறுவனங்களுக்கான வழிகாட்டு நெறிகளை ஏற்ற நாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்நாட்டின் தேசியத் தொடர்பு அலுவலகத்தில் புகார் தரலாம். தண்டனை அதிகாரம் அதற்கில்லை, சமரசம் மட்டுமே. ஆனால் வெளியாகும் அறிக்கையில் தன் பெயர் வருவதைப் பெரிய பிராண்டுகள் விரும்புவதில்லை.

வணிக ஒப்பந்தங்களுக்கும் பல் உண்டு. அமெரிக்கா, மெக்சிகோ, கனடா ஒப்பந்தத்தின் கீழ் ஒரு குறிப்பிட்ட தொழிற்சாலை மீதே நடவடிக்கை எடுக்க முடியும். மெக்சிகோவின் சிலாவோவில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 2021-இல் அந்த வழி பயன்பட்டு, தொழிலாளர்கள் பழைய சங்கம் போட்ட கூட்டு ஒப்பந்தத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். அடுத்த ஆண்டு ஒரு சுயேச்சைச் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். உங்கள் நாட்டுக்கு இப்படி எந்த ஒப்பந்தம் பொருந்தும் என்று சம்மேளனத்தைக் கேளுங்கள்.

யாரையாவது கைது செய்தால் மட்டும் பாதை வேறு. ஐ.நா.வின் தன்னிச்சையான தடுப்புக்காவல் பற்றிய பணிக்குழுவுக்குக் குடும்பத்தாரே எழுதலாம், சங்கம் தேவையில்லை.

ஐ.எல்.ஓ. குழுவின் பரிந்துரை உங்களுக்குச் சாதகமாக வந்த பிறகும் கோப்பை மூடாதீர்கள். அதை அமல்படுத்தும் போலீஸ் எதுவும் இல்லை. இருப்பது தொடர் கண்காணிப்பு மட்டுமே, அதற்கும் உணவு நீங்கள் அனுப்பும் தகவல்தான். இரு தரப்பிலிருந்தும் 18 மாதம் செய்தி வராவிட்டால் குழு அந்த வழக்கை முடித்துவிடலாம். ஆகவே மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை, வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, எத்தனை பேர் திரும்ப வேலைக்குப் போனார்கள், பதிவு கிடைத்ததா, புதிதாக யாரை நீக்கினார்கள் என்று ஒரு பக்கக் கடிதம் அனுப்பிக்கொண்டே இருங்கள்.