"வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 80, எடை 45 கிலோ. பல வருடங்களாகச் சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், கொஞ்சம் இதயப் பலவீனம். நுரையீரல் தொற்றுக்காக மருத்துவமனையில் சேர்த்தோம். காய்ச்சல் குறைந்துவிட்டது. ஆனால் நான்காம் நாளிலிருந்து பகலெல்லாம் தூங்குகிறார், எங்களையே யாரென்று கேட்கிறார், சாப்பாடு இறங்கவில்லை. "வயசாச்சு" என்கிறார்கள். இது மருந்தினால்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சேர்த்த அன்றும் உங்கள் அம்மாவுக்கு 80 வயதுதான். நான்கு நாளில் மாறியது வயது அல்ல. முதியவருக்குப் புதிதாக எந்தத் தொல்லை வந்தாலும், மருந்து காரணம் இல்லை என்று தெரியும்வரை மருந்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். தொற்று, ஆக்சிஜன் குறைவு போன்றவற்றாலும் இப்படிக் குழப்பம் வரலாம். அவற்றை டாக்டர்கள் தாங்களாகவே தேடுவார்கள். மருந்தை நீங்கள் கேட்டால்தான் தேடுவார்கள்.

இதைப் படித்ததும் நர்ஸிடம் சொல்லி விரல் நுனியில் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அது தாழ்சர்க்கரை. கிளைபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் வழக்கம்போல உள்ளே போய்க்கொண்டிருக்கும், சாப்பாடு மட்டும் நின்றிருக்கும். குளுக்கோஸ் ஏற்றியதும் தெளிந்தாலும் சில மணி நேரத்தில் மீண்டும் இறங்கலாம். அதனால் ஒருமுறை பார்த்தால் போதாது. தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறும்.

"கை நடுங்கவில்லை, படபடப்பு இல்லை, ஆகவே சர்க்கரை குறையவில்லை" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். பொதுவாக அந்த அடையாளங்கள் சரிதான். ஆனால் இதயத்துக்காக மெட்டோபுரோலால், புரோப்ரனலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்து எடுப்பவர்களிடம் நடுக்கமும் படபடப்பும் அமுங்கிவிடும், வியர்வை மட்டும் அமுங்காது. கண் அழுத்தத்துக்காகப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் இதே வகைதான், ஆனால் கண் சொட்டை மருந்துப் பட்டியலில் எழுதுபவர்கள் அபூர்வம். போதாததற்கு, முதியவர்களுக்குப் பல சமயம் குழப்பம்தான் முதல் அறிகுறி, சில சமயம் அது ஒன்றேதான் அறிகுறி. இந்த மருந்து எடுப்பவரிடம் ஈரமான நெற்றியையும் மாறிய பேச்சையும் கவனியுங்கள், நடுக்கத்துக்காகக் காத்திருக்காதீர்கள்.

அடுத்து ஒரு தாளை எடுங்கள். மேலே தேதிகள், இடது பக்கம் மருந்துகள். ஒவ்வொன்றும் எந்த நாள் தொடங்கியது, அளவு எந்த நாள் மாறியது, எது நிறுத்தப்பட்டது என்று கோடு போடுங்கள். அடியில் குழப்பம் தொடங்கிய நாளைக் குறியுங்கள். அதற்கு முந்தைய சில நாட்களில் தொடங்கியவை முதல் சந்தேகம். செஃபெபைம் என்ற ஆன்டிபயாடிக், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குச் சில நாட்களில் மயக்கமும் குழப்பமும் தரும். லெவோஃப்ளோக்சசின் மூளையையும் குழப்பும், சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரையையும் இறக்கும். 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, லெவோஃப்ளோக்சசின் வகை மருந்துகளின் இந்த இரண்டு விளைவுகளுக்குமே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. இருமல் சிரப்பைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதில் குளோர்பெனிரமின் இருந்தால் குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு மூன்றும் வரலாம். கடைசியாக எப்போது சிறுநீர் போனார் என்று பாருங்கள்.

சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் "கிரியேட்டினின் நார்மல்" என்று காட்டுவார்கள். தசை வற்றிய உடம்பில் அந்த எண் ஏமாற்றும். சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகத்தைக் கணக்கிட, 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72 மடங்கு கிரியேட்டினினால் வகுத்து, பெண் என்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். கிரியேட்டினின் 1.0 என்று வைத்துக்கொண்டால் உங்கள் அம்மாவுக்கு நிமிடத்துக்குச் சுமார் 32 மில்லி வரும். இளமையில் 100-ஐ ஒட்டி இருந்திருக்கும். பல மருந்துகளின் அளவைக் குறைக்க வேண்டிய நிலை இது. ஒரு நிமிடக் கணக்கை யாரும் போடாமல் "நார்மல்" என்று டிக் அடித்துவிட்டுப் போவதுதான் எரிச்சல். ரத்தத்தில் உள்ள சோடியம் என்ற உப்பையும் சேர்த்த நாள் அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். நீர் மாத்திரையால் அது இறங்கினாலும் இதே குழப்பம்தான் வரும்.

இனி, உங்கள் பையைத் திறங்கள். வீட்டு மாத்திரையை நீங்கள் ஒரு பக்கம் கொடுக்க, அதே மருந்தை வேறு பிராண்ட் பெயரில் வார்டு கொடுக்கிறதா? அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை ஒப்பிடுங்கள். மருத்துவமனையில் இருக்கும்வரை வீட்டுப் பை வீட்டிலேயே இருக்கட்டும். இரவில் தொந்தரவில்லாமல் இருக்கத் தூக்க மாத்திரை கேட்டு வாங்கும் கூலித் துணையாளையும் விசாரியுங்கள்.

வார்டு வராந்தாவிலேயே ஆள் பிடிக்கும் சூரண வியாபாரிகள் தனி ரகம். "பக்கவிளைவே இல்லை" என்று விற்ற மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டும், சர்க்கரைப் பொடிகளில் கிளைபென்கிளமைடும் கலந்திருந்தது சோதனைகளில் பிடிபட்டிருக்கிறது. ஸ்டீராய்டு கலந்த பொடியைப் பல மாதம் சாப்பிட்டு, மருத்துவமனையில் சேர்ந்த அன்று சட்டென்று நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்க மறந்த ஸ்டீராய்டு இல்லாமல் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோடியமும் விழும். திட்டுவார்களோ என்று மறைக்காமல், அம்மா அப்படி எதையாவது சாப்பிட்டிருந்தால் டப்பாவோடு டாக்டரிடம் காட்டுங்கள்.

தாளோடு போய் இப்படிக் கேளுங்கள்: "இந்தத் தேதிக்குப் பிறகு இவர் மாறினார். இவற்றில் எதை நிறுத்தலாம், எதைக் குறைக்கலாம்?" மருந்தியல் வல்லுநர் இருந்தால் அவரையும் அழைக்கச் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். ஒரு தொல்லைக்கு மருந்துதான் காரணமா என்று அளக்க, நரான்ஜோ என்ற 10 கேள்விப் பட்டியல் 1981-இலிருந்து இருக்கிறது. பல மருந்து எடுப்பவர்களுக்கு அதில் பெரும்பாலும் "இருக்கலாம்" என்றுதான் விடை வரும். அதைக் காட்டி உங்களை அனுப்பிவைக்கப் பார்த்தால் நகராதீர்கள். குழப்பத்துக்கென்று புதிதாக ஒரு மாத்திரை சேர்த்தால், "பழைய மருந்தின் விளைவுக்கா இது?" என்று கேளுங்கள்.

மருந்தை நிறுத்திய மறுநாளே தெளிவு வரவில்லை என்பதால் அது குற்றமற்றது ஆகிவிடாது. இந்த வயதில் சில நாட்கள், ஏன், வாரங்கள்கூட ஆகலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த மருந்தின் மூலப்பெயரையும் அது செய்ததையும் எழுதி வாங்காமல் கிளம்பாதீர்கள். "பழைய மருந்துகளைத் தொடரவும்" என்று ஒற்றை வரி எழுதிக் கையெழுத்துப் போடும் வழக்கம் இருக்கும்வரை, அடுத்த டாக்டர் அதே மருந்தை மறுபடி எழுதுவார்.