எடை குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை. என்ன செய்வது?

ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சை) செய்து மூன்று மாதம், எடை இறங்குகிறது, ஆனால் காரணமில்லாமல் அழுகையும் எரிச்சலும் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் மனவுறுதி இல்லை என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அந்த உணர்வு எத்தனை மணிக்கு வருகிறது, எதைச் சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று இரண்டு வாரம் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். காரணத்தைப் பிடிக்க அதுதான் நல்ல வழி.

நாள் முழுக்கச் சோர்வு, எதிலும் விருப்பமில்லை என்றால் முதலில் சாப்பாட்டைப் பாருங்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். இரண்டு முட்டை, 100 கிராம் மீன், அரைக் கோப்பை பருப்புக்கறி எல்லாம் சேர்ந்தும் 45 கிராம் அளவில்தான் நிற்கும்; மிச்சத்தைப் புரதமாவால் நிரப்ப வேண்டியிருக்கும். இலகுவாக இறங்குகிறதே என்று இடியப்பத்திலும் சொதியிலும் நாளை ஓட்டினால் உடம்பும் மனமும் சேர்ந்தே வாடும். தண்ணீர் 1.5 லீட்டருக்குக் குறைந்தால், கொழும்பு வெக்கையில் தலையிடியும் எரிச்சலும் அன்றைக்கே தெரியும். சாப்பிட்டு அரை மணி கழித்து, மிடறு மிடறாகக் குடியுங்கள்.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு விட்டுவிடாமல் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, விட்டமின் டி மூன்றையும் கேளுங்கள். இரும்புக் குளிசையைப் பிளேன் டீயோடு விழுங்கினால் சரியாக உடம்பில் சேராது. கல்சியம் குளிசைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளியும் வேண்டும்.

சாப்பிட்டு 10 முதல் 30 நிமிடத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்று முறுக்கு வந்தால் அது டம்பிங், அதாவது சாப்பாடு சிறுகுடலுக்கு மிக வேகமாக இறங்குவது. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்துக் கை நடுங்கி, இனந்தெரியாத பயம் வந்தால் இரத்தச் சீனி இறங்கியிருக்கலாம். இது பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் இன்னொரு எடை குறைப்புச் சத்திரசிகிச்சை) செய்தவர்களிடம், பெரும்பாலும் ஒரு வருடத்துக்குப் பிறகு, கூடுதலாக வரும். பதற்ற நோய் என்று தவறாக எண்ணிவிடுவதும் உண்டு. அந்த நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் விரல் குத்திப் பாருங்கள். 70 mg/dLக்குக் கீழே என்றால் கொஞ்சம் சீனி எடுத்து, பின்னால் ஒரு முட்டையோ கடலையோ சாப்பிட்டு, அந்தக் குறிப்போடு வைத்தியரிடம் போங்கள்.

பின்னேரம் ஐந்தரை மணிக்கு வரும் வெறுமை வேறு வகை. ஸ்லீவில் இரைப்பையின் ஏறத்தாழ 80 சதவீதம் போய்விடுகிறது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோனும் குறைகிறது. ஆனால் வேலை முடிந்து வந்து ரோல்ஸும் பால் தேநீருமாக மனம் ஆறிய பழக்கம் அப்படியே இருக்கிறது. ஆறுதல் தந்த ஒன்றை இழந்த துக்கம் அது, வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த அரை மணிக்கு முன்கூட்டியே வேறொன்றை வைத்துக்கொள்ளுங்கள்: வெள்ளவத்தைக் கடற்கரையோரமோ சுதந்திர சதுக்கமோ, கூட நடக்க ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. மது மட்டும் வேண்டாம். பைபாஸுக்குப் பிறகு அது வேகமாக இரத்தத்தில் ஏறும், அடிமையாகும் ஆபத்தும் கூடும்.

கல்யாண வீட்டில் "என்ன பிள்ளை இப்படி வாடிப்போனாய், ஏதும் வருத்தமோ?" என்று ஒரு மாமி கேட்கத்தான் போகிறார். "நல்லாத்தான் இருக்கிறன் மாமி, டொக்டர் பார்க்கிறார்" என்ற ஒரு வசனம் போதும்.

மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக்கூடாது. பைபாஸுக்குப் பிறகு சில மருந்துகள் குறைவாகவே உறிஞ்சப்படும். மெதுவாகக் கரையும் குளிசைகளை மாற்ற வேண்டி வரலாம்.

வாந்தி நாட்கணக்கில் நிற்காமல், நடையில் தடுமாற்றம், இரட்டைப் பார்வை, குழப்பம் வந்தால் விட்டமின் பி1 குறைந்திருக்கலாம். உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். சத்திரசிகிச்சை செய்ததைச் சொல்லி, குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (அதுதான் விட்டமின் பி1) கொடுக்கக் கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலும் மனம் எழும்பவில்லை என்றால் மனநல வைத்தியரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கம் 24 மணி நேரமும் இயங்குகிறது. எடை இறங்குவது நின்று கொஞ்சம் திரும்பக் கூடும் இரண்டாம், மூன்றாம் வருடங்களிலும் இந்த ஆபத்து இருக்கிறது. அதனால் அப்போதும் கிளினிக் திகதியைத் தவறவிடாதீர்கள், வீட்டில் ஒருவரிடமாவது இதைச் சொல்லி வையுங்கள்.