பச்சை டிக் வந்துவிட்டதாம்!

வயது 27. தை மாதம் கல்யாணம். ஆறு மாதத்துக்கு முன் ஒருமுறை ஆணுறை இல்லாமல் உறவு. ஆணுறுப்பின் விளிம்பில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன. போட்டோவைப் பார்த்துச் சொல்லும் ஏஐ செயலி ‘ஹெர்பிஸ் 87%’ என்றது. நடுவில் வலியில்லாத ஒரு புண் வந்து, மெடிக்கலில் வாங்கிய மாத்திரையில் ஆறிவிட்டது. ஆறிய இடத்துக்குச் செயலி பச்சை டிக் கொடுத்தது. கல்யாணத்தை நிறுத்திவிடவா?

பதில்:

வெள்ளைப் புள்ளிகளை விடுங்கள் தம்பி. மணி கோத்த மாதிரி ஒரே அளவில் வரிசையாக, வருஷக்கணக்கில் அப்படியே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பருவ வயதுக்குப் பின் பல ஆண்களுக்கு வருவதுதான். நோயல்ல, ஒட்டாது, மருந்தும் வேண்டாம். ஹெர்பிஸ் என்ற பால்வினை நோய் என்றால் நீர்க்கொப்புளம் வரும், எரியும், உடையும். இப்படிச் சமர்த்தாக வரிசையில் உட்கார்ந்திருக்காது.

எனக்குக் கவலை, கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்ட அந்தப் புண்தான். உறவுக்கு மூன்று வாரம் கழித்து, ஒற்றையாக, வலியில்லாமல், தொட்டால் தோலுக்கடியில் பொத்தான் வைத்ததுபோல் கெட்டியாக ஒரு புண். இதைப் படித்ததும் எந்த மருத்துவருக்கும் சிபிலிஸ்தான் முதலில் நினைவுக்கு வரும். பெரியவர்கள் மேகநோய், கிரந்தி என்பார்களே, அதுதான். இந்தப் புண் வைத்தியமே செய்யாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் ஆறிவிடும். பேர் மாத்திரைக்குப் போய்விடும், கிருமி ரத்தத்தில் இருக்கும். மெடிக்கல்காரர் கொடுத்த அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை நம்ப முடியாது. அதற்கு அடங்காத சிபிலிஸ் கிருமிகள் பல நாடுகளில் பரவியிருக்கின்றன.

ஆறிய இடத்தைப் படமெடுத்தால் நல்ல தோல்தானே தெரியும்? செயலி பச்சை டிக் போடாமல் என்ன செய்யும்! 2024-ல் அமெரிக்காவில் கால்மாரா என்ற செயலி இதே வித்தையை விளம்பரம் செய்தது. அந்நாட்டு வர்த்தக ஆணையம் விசாரித்தபோது, அதைப் பழக்கிய படங்களில் சில, நோய் இல்லை என்று பரிசோதனையில் உறுதி செய்யாத ஆட்களுடையவை என்று தெரிந்தது. அந்தச் செயலியை மூடிவிட்டார்கள். இந்தத் தொழில்நுட்பமே வீண் என்று சொல்லவில்லை. மெல்போர்னில் பால்வினை நோய் மருத்துவர்கள் அறிகுறிகளையும் படங்களையும் சேர்த்துக் கணினியைப் பழக்குகிறார்கள். யார் சீக்கிரம் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல அது உதவலாம். ரத்தத்தில் இருப்பதைப் படத்தில் பார்க்க அதனாலும் முடியாது.

இந்த வாரமே அரசு மருத்துவமனையின் தோல், பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போங்கள். சிபிலிஸுக்கான விடிஆர்எல், டிபிஎச்ஏ என்ற ரத்தப் பரிசோதனைகள் இரண்டும் எடுக்கச் சொல்லுங்கள். அங்கேயே நம்பிக்கை மையத்தில் எச்ஐவி சோதனையும் செய்துகொள்ளுங்கள். இலவசம், ரகசியம் காப்பார்கள். ஆறு மாதம் ஆகிவிட்டதால் முடிவு தெளிவாகவே வரும். உள்ளங்கை, உள்ளங்காலில் அரிக்காத தடிப்பு வந்தாலோ, பார்வை மங்கினாலோ வாரமெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

சிபிலிஸ் என்று உறுதியானால், தொற்றி ஒரு வருடம் ஆகாததால், பென்சதீன் பென்சிலின் ஊசி 24 லட்சம் யூனிட் ஒரே முறை போதும். பாதி பாதியாக இரண்டு பிட்டத்திலும் போடுவார்கள், நன்றாகவே வலிக்கும். அன்று ராத்திரி காய்ச்சல் வரலாம், பயப்பட வேண்டாம்.

கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் டாக்டர் சரி என்று சொல்லும்வரை உறவு கூடாது. வைத்தியம் செய்யாமல் விட்டால் மனைவிக்குத் தொற்றும், கர்ப்பத்தில் குழந்தையையும் பாதிக்கும்.

புண் இருந்தபோது எடுத்த படம் போனில் இருந்தால் அழிக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள், உதவும்.