வீட்டில் திக்குவதில்லை, பஸ்ஸில் மட்டும் ஏன்?

குடியாத்தம் தம்பிக்கு, தங்கச்சியிடம் சரளமாகப் பேசுகிறவர் கண்டக்டரிடம் ‘காட்பாடி’ சொல்ல முடியாமல் ‘கா’விலேயே நிற்கிறீர்கள், அப்பா ‘நடிக்கிறான்’ என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நடிப்பே இல்லை. இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் மாறுவது திக்குவாயின் இயல்பு. தனியாகப் பேசும்போதும் பாடும்போதும் பலரோடு சேர்ந்து வாசிக்கும்போதும் பெரும்பாலானவர்களுக்குத் திக்குவது வெகுவாகக் குறைந்துவிடும். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

பஸ்ஸில் என்ன நடக்கிறது? கண்டக்டர் டிக்கெட் மெஷினில் விரலை வைத்தபடி உங்கள் வாயையே பார்க்கிறார். பின்னால் நாலு பேர் கையை நீட்டுகிறார்கள். அவசரம் ஒரு பக்கம், அதைவிடப் பெரிய சிக்கல் காட்பாடிக்கு மாற்று வார்த்தை இல்லை. வீட்டில் ஒரு சொல் வராவிட்டால் வேறொன்றைப் போட்டுச் சமாளித்துவிடலாம். சொந்தப் பெயரைச் சொல்லும்போது பலர் சிக்குவதற்கும் இது ஒரு காரணம்.

அதனால் ‘காட்பாடி’ என்று சொல்லாமல் தப்பிக்க, அதைத் தாண்டியுள்ள வேலூருக்கு டிக்கெட் எடுத்துக் காட்பாடியில் இறங்குவதை நிறுத்துங்கள், தம்பி. காசு போவது கிடக்கட்டும், தப்பிக்கத் தப்பிக்க அந்தச் சொல்மேல் பயம்தான் ஏறும். ‘எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்கண்ணே’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைக்க வேண்டிய பாரம் இறங்கினாலே பாதி இறுக்கம் தளரும். அப்புறம் ‘கா’வை அழுத்தித் தள்ளாமல் மெதுவாகத் தொடங்குங்கள். திக்கினால் திக்கட்டும், சொல்லி முடியுங்கள்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். எந்தெந்த இடத்தில் சிக்குகிறது என்று எழுதி எடுத்துப் போங்கள், முடிந்தால் அப்பாவோடு.