சாமி நம்பிக்கை இல்லாத நான் அந்த மீட்டிங்குக்குத் திரும்பிப் போகலாமா?

வணக்கம் மேடம்.

எனக்கு 44 வயது. திருச்சி துவாக்குடி பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர். இருபது வருடக் குடி. கடைசி மூன்று வருடம் காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நிற்கும் என்ற நிலைமை. டேக் வெல்டு வைக்கும்போது ராடு ஆடுவதைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசர் என்னை கிரைண்டிங்குக்கு மாற்றினார். அந்த அவமானம்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. பத்து நாள் அட்மிட். அங்கே பக்கத்து பெட்காரர் சொல்லித்தான் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங்குக்குப் போனேன். குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் இடம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒரு ஸ்கூல் கிளாஸ் ரூமில் நடக்கும். சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சு, முட்டி இடிக்கும். ஒவ்வொருவராக "என் பேர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லிவிட்டுப் பேசுவார்கள். மூன்று வாரம் நான் வாயே திறக்கவில்லை. நாலாவது வாரம் ஒருவர், மகளுடைய கொலுசை அடகு வைத்துக் குடித்ததைச் சொன்னார். நானும் அதைச் செய்தவன்தான். அன்றைக்குப் பேசினேன்.

எனக்கு ஸ்பான்சராக, அதாவது கூட இருந்து வழிகாட்டும் மூத்த உறுப்பினராக அமைந்தவர் ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இரண்டாவது மாதம் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு, கடைக்குப் போகிற வழியில் நின்று அவருக்கு போன் செய்தேன். "அங்கேயே நில்லு தம்பி" என்றவர் கால் மணி நேரத்தில் வண்டியில் வந்துவிட்டார். பத்து மணிக்கு டாஸ்மாக் ஷட்டர் இறங்கும்வரை டீக்கடையில் என்கூட உட்கார்ந்திருந்தார். குடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஏழு மாதம் தொடவில்லை மேடம். ஆறு மாதம் முடிந்தபோது ஒரு காயின் கொடுத்தார்கள், சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன். போன மாதம் பெரிய மாமா காரியத்தன்று மச்சான்களோடு போனேன். கடையில் இருநூறு ரூபாய் நோட்டை எடுக்கும்போது அந்தக் காயினும் கூடவே வந்தது. அதை உள்ளே போட்டுவிட்டுக் குடித்தேன். அதற்கப்புறம் மூன்று தடவை. டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நாலாம் மாதமே நானாக நிறுத்தியிருந்தேன்.

மூன்று வாரமாக மீட்டிங் போகவில்லை. அண்ணன் போனை எடுப்பதில்லை. வீட்டில் சொல்லவில்லை. ஆனால் என் மனைவி டிபன் பையை வாங்கும்போது ஒரு நொடி மூச்சை இழுத்துப் பார்க்கிறாள். அது எனக்குத் தெரிகிறது.

என் குழப்பம் இதுதான். அப்பா திராவிடர் கழகத்துக்காரர். என் கல்யாணமும் சுயமரியாதைத் திருமணம். நான் எந்தக் கோயிலிலும் கும்பிட்டதில்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் மூன்றாவது, வாழ்க்கையைக் கடவுளிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. நம்பாமலே நம்புகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்ததால்தான் விழுந்தேனா? திரும்பிப் போவது நேர்மையா? அந்தக் காயினைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா?

பெயர் வேண்டாம், திருச்சி.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதலில் ஒன்றைக் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏழு மாதம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோது இந்தக் கடவுள் கேள்வி உங்களை வெளியே அனுப்பவில்லை. குடித்த பிறகுதான் அது பெரிதாகக் கிளம்பியிருக்கிறது. கேள்வி பொய் என்று சொல்லவில்லை, அதற்கும் வருகிறேன். ஆனால் அண்ணனின் போனை எடுக்கவிடாமல் உங்கள் கையைப் பிடிப்பது கடவுள் விஷயம் இல்லை. வெட்கம். "கடவுள் பிரச்சினை" என்று சொல்லிக்கொண்டால் கொள்கைக்காக நிற்கிற மாதிரி இருக்கும். "குடித்துவிட்டேன், முகத்தைக் காட்ட முடியவில்லை" என்று சொல்வதுதான் கஷ்டம்.

இந்த இயக்கம் பிறந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1935 மே மாதம். நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன், குடியை விட்டுச் சில மாதமே ஆன மனிதர், தொழில் விஷயமாக அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரன் நகருக்குப் போகிறார். போன காரியம் நடக்கவில்லை. ஓட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார், ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் டெலிபோன். டெலிபோன் பக்கம் போய், இந்த ஊரில் என்னைப் போல் ஒரு குடிகாரன் யாராவது இருந்தால் அவரிடம் பேச வேண்டும் என்று விசாரிக்கிறார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை நிபுணர். கால் மணி நேரம் பேசலாம் என்று வந்த டாக்டர் ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த ராத்திரி நீங்கள் ரோட்டில் நின்று போன் செய்தீர்களே, அதே காரியம்தான்.

அப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு முக்கியம். சில வாரம் குடிக்காமல் இருந்த டாக்டர் பாப், ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி குடித்துவிட்டார். நினைவு தப்பும் அளவுக்குக் குடித்தார். திரும்பி வந்தார். பில் அவரைக் கைவிடவில்லை. அவர் கடைசியாகக் குடித்த நாளாகச் சொல்லப்படும் ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாக இன்றும் கொண்டாடுகிறது. ஒருவர் ஸ்லிப் ஆகித் திரும்பி வந்த கணக்கிலிருந்துதான் அந்த இயக்கத்தின் வயதே எண்ணப்படுகிறது. அதனால் உங்களைப் பார்த்து அந்த அறையில் யாரும் அதிர்ச்சி அடையப் போவதில்லை.

இனி கடவுள். ஆரம்பக் கூட்டங்களிலேயே நம்பிக்கை இல்லாதவர்கள் இருந்தார்கள், அவர்கள் விடாமல் வாதாடினார்கள். அதனால்தான் 1939-ல் படிகள் அச்சானபோது "நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்" என்ற வார்த்தைகள் மூன்றாம் படியில் சேர்ந்தன. இரண்டாம் படியில் "நம்மைவிட மேலான ஒரு சக்தி" என்றுதான் இருக்கிறது. உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். நம்பிக்கையைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அந்த மீட்டிங் வட்டத்தையே தங்கள் மேலான சக்தி என்று சொல்லும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உங்களைப் பொறுத்தவரை அது ஏற்கெனவே நடந்துவிட்டது. அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு உங்கள் மன உறுதி தீர்ந்துபோயிருந்தது. உங்களுக்கு வெளியே இருந்து ஒன்று வண்டியில் வந்து, டீ சொல்லி, ஷட்டர் இறங்கும்வரை உட்கார்ந்தது. அதை நம்ப எந்தக் கோயிலிலும் கும்பிட வேண்டாம். பிரார்த்தனை சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள், "எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை" என்று ஷேரிங்கிலேயே சொல்லுங்கள். பொய்யாகத் தலையாட்டாமல் இருப்பதுதான் அங்கே உங்களிடம் எதிர்பார்க்கிற நேர்மை. உங்கள் அப்பாவை நான் அறியேன். ஆனால் மனிதனுக்கு மனிதன் துணை நிற்பதில் அவர் குறை கண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

என் தொழில் பேச்சு சிகிச்சை. அப்படியும் சொல்கிறேன்: 2020-ல் வெளிவந்த காக்ரன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு, 10,000-க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருக்க உதவுவதில், ஏ.ஏ.-யோடு முறையாகச் சேர்த்துவிடும் சிகிச்சை மற்ற பேச்சு சிகிச்சைகளுக்குக் குறைந்ததாக இல்லை, பல இடங்களில் மேலாகவே இருந்தது.

ஆனால் மீட்டிங் மருந்துக்குப் பதில் இல்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தியது தவறு. ஏ.ஏ.-யின் வெளியீடே உறுப்பினர்கள் யாரும் டாக்டர் வேலை பார்க்கக் கூடாது என்கிறது. தனக்குத் தானே பார்ப்பதும் அதில் சேர்த்திதான். இந்த வாரமே உங்கள் மனநல மருத்துவரைப் பாருங்கள். நடந்ததை அப்படியே சொல்லுங்கள். இதற்கிடையில் தினமும் குடிக்கும் நிலைக்குத் திரும்பியிருந்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள். கைநடுக்கம், வியர்வை, வாந்தி, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, வலிப்பு, இவையெல்லாம் இரண்டு மூன்று நாளுக்குள் வரலாம், உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். ராத்திரி மனசு தாங்காவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

உங்கள் மனைவிக்குத் தெரியும். பையை வாங்கும்போது இழுக்கிற அந்த மூச்சில் எல்லாம் இருக்கிறது. பத்தாம் படி, தவறினால் உடனே ஒப்புக்கொள்ளச் சொல்கிறது. மூன்று வாரம் தள்ளிவிட்டீர்கள், சரி, இன்று சொல்லுங்கள். சமாதானம் சொல்லாதீர்கள், இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியமும் வேண்டாம். அதை அவர் இருபது வருடமாகக் கேட்டிருக்கிறார். "நாலு தடவை குடித்தேன், வெள்ளிக்கிழமை மீட்டிங் போகிறேன், டாக்டரிடமும் போகிறேன்." அவ்வளவு போதும். அவர் அழலாம், பேசாமல் இருக்கலாம். உட்கார்ந்திருங்கள், அன்றைக்கு அண்ணன் உட்கார்ந்திருந்த மாதிரி. குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற கூட்டம் 1951 முதல் இருக்கிறது. அண்ணனிடம் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். போவதா வேண்டாமா என்பது உங்கள் மனைவியின் முடிவு.

காயினைக் கேட்டிருந்தீர்கள். நாள் கணக்கு ஒன்றிலிருந்துதான் மறுபடி தொடங்கும், அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்த ஆறு மாதம் நீங்கள் வாழ்ந்தது. அதை யாரும் உங்களிடமிருந்து எடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை காயினைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று அண்ணனையே கேளுங்கள். அதற்கு முன்னால் இன்று சாயங்காலம் அவர் போன் செய்தால் எடுங்கள். செய்யாவிட்டால் நீங்களே செய்யுங்கள்.