பதில்: ஜேஏஐஐபி பாடம் ஒரு வாரத்தில் மறந்துபோகிறது

வணக்கம் நண்பரே. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வங்கிக் கிளைக்குப் போகும் ரயிலில் ஜேஏஐஐபி (வங்கி ஊழியர்கள் எழுதும் தேர்வு) புத்தகத்தைக் கோடு போட்டு இரண்டு தடவை படித்தும் மறுவாரம் எதுவும் நிற்பதில்லை, வயதாகிவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். வயதெல்லாம் இல்லை, கோளாறு படிக்கும் முறையில்தான்.

திரும்பப் படித்தால் வரிகள் பழகிவிடும். பாடமே தெரிந்துவிட்ட மாதிரி ஒரு மயக்கம் வரும். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 5 நிமிடம் கழித்து வைத்த தேர்வில் திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள்.

அதனால் பாபநாசம் வரை படியுங்கள், அப்புறம் புத்தகத்தை மூடிவிடுங்கள். அய்யம்பேட்டை வருவதற்குள் நினைவில் இருப்பதைத் துண்டுத்தாளில் கிறுக்குங்கள். (ஆடுகிற வண்டியில் கையெழுத்து கோணினால் கோணட்டும்.)

கேள்வியைக் கிளையிலிருந்தே எடுங்கள். குறுவைக்குப் பயிர்க்கடன் வாங்கியவர் கட்டவில்லை; அது எப்போது வாராக்கடன்? நெல் குறுகியகாலப் பயிர், இரண்டு பயிர்ப் பருவம் பாக்கி நிற்க வேண்டும். நீண்டகாலப் பயிருக்கு ஒரே பருவம். வீட்டுக்கடன் தவணைக்கு 90 நாள். கவுண்டரில் நிற்பவரோடு சேர்த்துப் படித்த விதி சுலபத்தில் போகாது.

அதே கேள்வியை மறுநாளும், சில நாள் விட்டும், அடுத்த வாரமும் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கியல் தாளுக்கு மட்டும் ரயில் சரிப்படாது. ஞாயிறு காலை மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டே ஆக வேண்டும்.