சூடேறும் கணினியைத் திறப்பதா, கடைக்குக் கொடுப்பதா?

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் யாழ்ப்பாண நகரக் கடையொன்றில் ஒரு வருட உத்தரவாதத்துடன் மேசைக் கணினி வாங்கினோம். உயர்தரம் படிக்கும் மகன் அரை மணித்தியாலம் பாவித்ததும் விசிறி இரைகிறது, கணினி மந்தமாகிறது, சில நாட்களில் தானாகவே நின்றும் விடுகிறது. கடையில் ஒரு மணித்தியாலம் போட்டுப் பார்த்துவிட்டுப் பழுதில்லை என்றார்கள். அயலில் கணினி திருத்தும் தம்பியோ, திறந்து, உள்ளே சூட்டைக் கடத்தப் பூசியிருக்கும் பேஸ்டை மாற்றினால் சரிவரும் என்கிறார். திறக்கலாமா? (வாசகி, இணுவில்)

பதில்: இப்போதைக்குத் திறக்க வேண்டாம். பெட்டியின் பக்கத் தகட்டுத் திருகாணியின் மேல் கடைக்காரர் ஒட்டிய சிறு ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். அது கிழிந்துவிட்டால், பிறகு எந்தப் பழுதுக்கும் உங்கள் கையையே காரணம் காட்டுவார்கள். அந்தத் தம்பி சொல்வது சரியாகவும் இருக்கலாம்; ஆனால் அந்த வேலையை இலவசமாகச் செய்து தர வேண்டியவர் விற்றவரே.

கடையில் பழுது தெரியாமல் போனதில் வியப்பில்லை. கணினியின் மூளையான புரொசசரின் சூடு அறையின் சூட்டுக்கு மேல்தான் ஏறுகிறது. 24 பாகையில் குளிரூட்டிய கடையில், எந்த வேலையும் கொடுக்காமல் ஓடவிட்ட கணினி, 33 பாகை வெக்கையில் உங்கள் மகன் பாவிக்கும்போது படும் பாட்டைக் காட்டாது.

ஆகவே வீட்டிலேயே புரொசசரின் சூட்டை அளந்து பாருங்கள். கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள் ஒன்று போதும். எங்கள் ஊர் வெயிலில் சும்மா இருக்கும் கணினி 40 முதல் 50 பாகை வரை காட்டுவது வழமை. கடும் வேலையில் 80ஐத் தொடுவதும் பயப்படத் தக்கதல்ல. பெரும்பாலான புரொசசர்கள் 95, 100 பாகையை அண்மித்ததும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். நீங்கள் காணும் மந்தம் அதுவாக இருக்கலாம்.

எவ்வளவு சூடு என்பதைவிட எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதையே நான் முதலில் பார்ப்பேன். வேலை தொடங்கிய சில விநாடிகளிலேயே 90ஐத் தாண்டி, நிறுத்தியதும் மளமளவென்று இறங்கினால், புரொசசரின் மேல் இருக்கும் குளிர்விப்பான் சரியாகப் படியவில்லை, அல்லது இடையிலுள்ள பேஸ்ட் ஒழுங்காகப் பூசப்படவில்லை என்று கொள்ளலாம். நான்கு மூலையிலும் அழுத்திப் பூட்டும் பிளாஸ்ரிக் ஊசிகளில் ஒன்று கழன்றிருந்தாலும் இப்படித்தான் நடக்கும். இது பொருத்தியவரின் தவறு. உத்தரவாதத்தில் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மாறாக, இருபது நிமிடமாக மெல்ல மெல்ல ஏறி, நிறுத்திய பின்பும் இறங்க மறுத்தால், சூடான காற்றுக்கு வெளியேற வழியில்லை என்று பொருள். 60, 70 பாகையிலேயே கணினி நின்றுவிடுமானால் புரொசசரை விட்டுவிட்டு, கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். அதுவும் கடையின் பொறுப்பே.

காற்று வழியைச் சீராக்கப் பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. கணினி மேசையின் கதவு போட்ட அறைக்குள் பெட்டியை வைத்திருந்தால் இன்றே வெளியே எடுங்கள். தான் விட்ட வெக்கையையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். பின்புறம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கட்டும். சோளகம் வீசும் மாதங்களில் உங்கள் பக்கத்துச் செம்மண் தூசி முன் வலையில் படையாகப் படியும். மின் இணைப்பைக் கழற்றிவிட்டு உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள்; ஈரத்துணி வேண்டாம்.

இவ்வளவும் செய்த பின்பும் சூடு குறையாவிட்டால், அறையின் வெப்பநிலையும் திரையில் ஏறும் எண்களும் ஒன்றாகத் தெரியும்படி கைபேசியில் ஒரு காணொளி எடுங்கள். கோப்புகளை வேறோர் இடத்தில் பிரதி செய்துவிட்டு, பற்றுச்சீட்டுடன் கடைக்குப் போங்கள். கணினிக்கு வேலை கொடுத்துச் சோதிக்குமாறு கேளுங்கள். ஒப்படைத்த திகதி, தொடர் இலக்கம், முறைப்பாடு ஆகிய மூன்றையும் எழுதி வாங்காமல் திரும்ப வேண்டாம். கடை கைவிரித்தால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அப்போது அந்தத் துண்டுதான் உங்கள் சாட்சி.

பற்றுச்சீட்டின் அடியிலுள்ள சிறிய எழுத்தையும் ஒருமுறை வாசியுங்கள். ஒரு வருடம் என்றால் 350 நாட்கள் என்று அச்சிடும் கடைகள் இங்கே உண்டு. எரிந்த அடையாளமோ துருவோ இருந்தால் உத்தரவாதம் இல்லை என்றும் எழுதியிருப்பார்கள். சூட்டில் ஏதாவது கருகுவதற்கு முன், இந்தக் கிழமையே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.